உறைந்த கணினியும் அவசரக் கையும்

மதிப்பெண் பட்டியல்கள் இருந்த எங்கள் ஆய்வகச் சர்வர் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடியது. மின்தடைக்குப் பின் நன்றாகத்தான் தொடங்கும்; ஓரிரு நிமிடத்தில் உறைந்துவிடும். நான் பொத்தானை அழுத்தி அணைப்பேன். மறுபடியும் அதே கதை. வட்டுதான் பழுது என்று தலைமையாசிரியரிடமே சொல்லிவிட்டேன்!

காரணம் வேறு. தொடங்கி 60 வினாடி கழித்து, கோப்பு முறைமைச் சரிபார்ப்பு பின்னணியில் கிளம்புகிறது. முதலில் அது வட்டின் அப்போதைய நிலையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவரை வட்டில் எழுதும் வேலைகள் காத்து நிற்கும். பெரிய வட்டென்றால் காத்திருப்பும் நீளும். இடையில் அணைத்தால் பிழைகள் கூடுமே தவிரக் குறையாது.

வட்டின் விளக்கு மினுக்கினால் பொறுத்திருங்கள். தொடர்ந்து உறைந்தால், ஒற்றைப் பயனர் நிலையில் தொடங்கி முழுச் சரிபார்ப்பை ஓட்டுங்கள். பிறகு ஆர்சி.கான்ஃப் கோப்பில் பின்னணிச் சரிபார்ப்புக்கு ‘நோ’ என்று எழுதுங்கள். இனிச் சரிபார்த்த பிறகே கணினி திறக்கும். நான் இப்போது காலை வழிபாட்டுக்கு முன்பே சர்வரைப் போட்டுவிடுகிறேன்.