பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒவ்வோர் ஊர்த் திண்ணையிலும் எழும் கேள்வி ஒன்றே. "நம் அரசு உயர்நிலைப் பள்ளி எத்தனை சதவிகிதம்?" நூறு என்றால் தலைமையாசிரியருக்குப் பொன்னாடை; எண்பது என்றால் வசவு. இரண்டையும் பெற்றவன் நான். பொன்னாடை பெற்ற ஆண்டைப் பற்றியே இன்று உங்கள் முன் பேச விரும்புகிறேன்.

அவ்வாண்டு என் பள்ளியில் தேர்வெழுதிய அனைவரும் தேறினர். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, தேறமாட்டார்கள் என்று நான் கருதிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளும்படி நயமாகவும், சில வேளை நயமின்றியும் கூறியிருந்தேன். அவர்கள் கூலி வேலைக்குச் செல்வோர். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கைநாட்டு வைத்துவிட்டுச் சென்றனர். அப்பிள்ளைகள் எவரும் வேறு பள்ளியில் சேரவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். இதைச் செய்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்து, பத்தாம் வகுப்புத் தேர்வை 41 பேர் எழுதி, 41 பேரும் தேறினர் எனக் கொள்வோம். அது நூறு சதவிகிதம். அடுத்த ஊர்ப் பள்ளியில் 60 பேர் சேர்ந்து, 58 பேர் எழுதி, 52 பேர் தேறினர். இது தொண்ணூறுக்கும் சற்றுக் குறைவு. முதற்பள்ளிக்கே பாராட்டு விழா நடைபெறும். ஆயினும் கூடுதலாகப் பதினொரு பிள்ளைகளைக் கரையேற்றிய பள்ளி இரண்டாவது அல்லவா? விதைத்த பரப்பைக் கேளாமல் விளைச்சலைப் புகழும் விவசாயி எவரும் இல்லை. பள்ளி விஷயத்தில் மட்டும் நாம் அப்படிச் செய்கிறோம்.

2024-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில அளவில் 91.55 சதவிகிதத்தினர் தேறினர். அரசுப் பள்ளிகளில் அது 87.90. இந்த வேறுபாட்டைக் கண்டதும் ஆசிரியர்களைக் குறை கூறுவது எளிது. குறையுள்ள ஆசிரியர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே படிப்போர் யார்? காலையில் மஞ்சள் நிறப் பேருந்து ஊருக்குள் வந்து, நிலமுள்ளோர், கடையுள்ளோர், (கோபித்துக்கொள்ள வேண்டாம்) ஊராட்சி உறுப்பினர் சிலரின் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்கிறது. அதன் பிறகு அரசுப் பள்ளிக்கு நடந்து வருவோரில் பலர் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள்; வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டிப் பார்ப்பவர்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற அறிஞர் ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்ட அறிக்கையும், மாணவரின் தேர்ச்சியில் குடும்பச் சூழ்நிலைக்கே பெரும் பங்குண்டு என்று கண்டது. பள்ளியால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. ஒரே மதிப்பெண்ணை எட்ட ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையினும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதே பொருள்.

இதில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் செல்லும் குடும்பங்களின் நிலை தனித்துச் சொல்லத்தக்கது. பொங்கல் கழிந்ததும் அவர்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு புறப்படுகின்றனர். பொதுத் தேர்வோ மார்ச், ஏப்ரலில் வருகிறது. பாட்டியின் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளை எப்படியேனும் எழுதிவிடும். பாட்டியும் இல்லாத பிள்ளை சூளைக்கே போய்விடும். ஆசிரியரின் பதிவேட்டில் அது 'நீண்ட நாள் வரவில்லை' என்ற ஒரு வரியாகும்.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். அதே 2024-இல் பெண்கள் 94.53 சதவிகிதமும் ஆண்கள் 88.58 சதவிகிதமும் தேறினர். பந்தி பரிமாறவும், சென்ட்ரிங் வேலைக்கும் ஒரு நாள் சென்று கூலியைக் கையில் வாங்கிய பையனுக்கு மறுநாள் கணக்கு வகுப்பு கசக்கிறது. தந்தையும் அந்தப் பணத்தைக் கண்டு பேசாதிருந்துவிடுகிறார்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரையில், அதாவது எட்டாம் வகுப்பு வரையிலேயே பிள்ளைக்குத் துணை நிற்கிறது. அதற்குப் பின்னுள்ள இரண்டு ஆண்டுகள்தாம் வழுக்கு நிலம். அங்கே வழுக்கி விழுவோர் இழப்பது ஒரு சான்றிதழை மட்டுமன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் 2021-இல் அது விரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு இவ்வாயில்கள் யாவும் அடைபடுகின்றன. கடன் வாங்கி இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோரும் இதை யோசித்துச் செய்யவேண்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணை, தொடக்கப் பள்ளியோடு உயர்நிலைப் பள்ளியையும் ஊராட்சிகளுக்குரிய விஷயங்களில் சேர்த்திருக்கிறது. ஆகவே, கேட்பதற்கு உரிமையில்லை என்று தயங்க வேண்டாம். இனித் தலைமையாசிரியரிடம் 'எத்தனை சதவிகிதம்?' என்று கேட்பதற்கு முன், 'ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களில் தேர்வெழுதியவர் எத்தனை பேர்? மற்றவர் எங்கே?' என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு தெருத் தெருவாகச் செல்லுங்கள். தேறாதவருக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு என்பதை அவ்வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள், பலர் அறியார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராயும், பாதிப் பேர் பெண்களாயும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நடப்பது என்ன? பகல் வேளையில் கூட்டம் வைத்தால், நாற்று நடும் பெண் அன்றையக் கூலியை இழந்து எப்படி வருவாள்? மறுநாள் பதிவேட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதே வழக்கமாகிவிடுகிறது, நானும் வாங்கியிருக்கிறேன். என் கடைசி ஆண்டில் கூட்டத்தை மாலை ஆறரை மணிக்கு மாற்றிப் பார்த்தேன். பதினோரு தாய்மார்கள் வந்தனர். அவர்களில் ஒருவர், முன்பு நான் சான்றிதழ் கொடுத்து அனுப்பிய பையனின் தாயார். இளைய மகள் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தாள். "இவளையும் அனுப்பிவிடுவீர்களா, ஐயா?" என்று அந்த அம்மையார் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அனுப்பமாட்டேன் என்று சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பேட்டிலும் எழுதிக் கையொப்பமிட்டேன்.