அளவுகோல் அடிகோலாகலாமா?



அமெரிக்காவில் 2002-இல் ஒரு கல்விச் சட்டம் வந்தது. மூன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் படித்தலிலும் கணக்கிலும் தேர்வு. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேறவேண்டும். தவறிய பள்ளிக்கு ஒறுப்பு. ஏழைப் பிள்ளைகளின் பின்னடைவை இனி மறைக்கவொண்ணாது என்னும் நோக்கம் நன்றே. விளைவோ? அட்லாண்டா நகரின் 44 பள்ளிகளில் முறைகேடு நிகழ்ந்ததென 2011-இல் மாநில அரசின் உசாவல் கண்டது. ஆசிரியர் கைகளே விடைத்தாள்களைத் திருத்தின! குறை மறைந்தது, அக்குறை தீர்க்கும் துணைப்பயிற்சியும் பிள்ளைக்குக் கிட்டாது போயிற்று.

2015-இல் சட்டம் மாறியது. தேர்வு நீடித்தது, தவறிய பள்ளியை என்செய்வதென்னும் முடிவு பெரிதும் மாநிலங்களிடம் விடப்பட்டது.

தேர்வை ஒழிக்கச் சொல்லவில்லை. நோயறியும் கருவியைத் தண்டாக்காதீர் என்கிறேன். பின்தங்கிய பள்ளிக்கு முதலில் நல்லாசிரியரை அனுப்புக, நூல்களை அனுப்புக, பின்னர்க் கணக்குக் கேட்க!