அடுப்பங்கரையும் படக்காட்சியும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



சென்ற வாரம் இதே சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஒரு மலையாளப் படம் காட்டினோம். ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ என்பது அதன் பெயர். ஜியோ பேபி என்பவர் எடுத்து, 2021 ஜனவரியில் வெளிவந்து, கேரள சர்க்காரின் சிறந்த படத்திற்கான பரிசும் பெற்றது. தமிழில் எடுத்த படம் 2023ல் வெளிவந்தது. பார்த்த தோழர்கள் பலர் கண் கலங்கினார்கள். கலங்கியவர்கள் வீட்டிற்குப் போய் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. மற்றவர்களைக் கேட்குமுன் என் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படத்தை நான் முதலில் என் வீட்டு டெலிவிஷனில், என் துணைவியாரோடு உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்து என்றா சொன்னேன்? உட்கார்ந்தவன் நான். படத்தின் நடுவில் ஒரு டீ கேட்டேன். அவர் எழுந்து போனார். பிறகு பையனுக்குத் தோசை. நான் படத்தை நிறுத்தி வைக்கவுமில்லை. ஆக, அடுப்பங்கரையைப் பற்றிய படத்தில் பாதியை அந்த அம்மாள் அடுப்பங்கரையில் நின்றே கழித்தார்.

படத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. ஆள் கூட்டிவரச் சொல்லி மனைவி கேட்கிறாள். புருஷன் சரி என்கிறான், மறக்கிறான், மறுபடியும் மறக்கிறான். அந்த இடத்தில் என் துணைவியார் சிரித்துவிட்டார். “நம்ம வீட்டுக் குழாய் பொங்கலுக்கு முன்னாலேயிருந்து ஒழுகுதே, தெரியுமா?” என்றார். மேடை மேடையாகப் பெண் விடுதலை பேசுகிறவனுக்குத் தெரியவில்லை, தோழர்களே!

அந்தப் படத்தில் பெண்ணை அடிக்கிறவன் எவனுமில்லை என்பதைக் கவனித்தீர்களா? மாமனார் கோபித்துக்கூடப் பேசுவதில்லை. குக்கரில் வைக்காமல் விறகடுப்பில் சோறாக்கினால் நன்றாயிருக்கும் என்பார். சட்டினியை அம்மியில் அரைக்கலாமே என்பார். மெஷினில் போட்டால் துணி நைந்துபோகும் என்பார். எல்லாம் நயமான வார்த்தைதான்! ஒவ்வொரு நயமான வார்த்தைக்கும் ஒரு மணி நேரம் ஒருத்தியின் இடுப்பு ஒடிகிறது. புருஷனோ பள்ளிக்கூட உபாத்தியாயர். குடும்பம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்!

பிறகு அவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். வீட்டிற்குத் தூரமான மனைவி தனி அறையில் கிடக்க வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவரைத் தூக்க அவள் ஓடுகிறாள். தொட்டுவிட்டாளே என்று சீறுகிறார். எல்லா வயதுப் பெண்களும் அந்தக் கோயிலுக்குப் போகலாமென்று சுப்ரீம் கோர்ட்டில் 5 நீதிபதிகளில் 4 பேர் 2018 செப்டம்பர் 28ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். கோயில் சங்கதி கோர்ட்டு வரை போயிற்று. வீட்டுக்குள் விழுந்தவனைத் தூக்கவே தீட்டென்றால் அவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

இது மலையாள தேசத்துக் கதை என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். இந்திய சர்க்கார் 2019ல் ஜனங்கள் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்கள் பெண்களில் 100க்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். செய்கிற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம். செய்கிற ஆணுக்கு 97 நிமிஷம். மீதி 74 ஆண்கள் அன்று ஒரு தம்ளரைக்கூடக் கழுவவில்லை என்று அர்த்தம்.

நம் டெலிவிஷன் தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ராத்திரி மருமகள் பட்டுச் சேலையோடு சமையற்கட்டில் நின்று அழுகிறாள். அங்கே ஓர் எச்சில் தட்டையாவது கண்டதுண்டா? கரி பிடித்த சட்டியுண்டா? அதனால்தான் நம்மவர்கள் அதை நிம்மதியாகப் பார்க்கிறார்கள். மலையாளப் படத்துக்காரர் எச்சிலையும் சாக்கடைத் தண்ணீரையும் திரும்பத் திரும்பக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் ஒருவர் “சலிப்பாயிருக்கிறது” என்றார். பார்ப்பதற்கே உமக்குச் சலிப்பென்றால் செய்கிறவளுக்கு எப்படியிருக்கும், அய்யா?

குழாயை நேற்று சரி செய்தாயிற்று. 60 ரூபாய் சாமானும் அரை மணி நேரமும்தான் பிடித்தது.

இன்னொன்று. இந்தக் கூட்டத்திற்கு வந்த நாற்பது பேருக்கும் டீ போட்டது யார்? பின்கட்டில் மூன்று தாய்மார்கள் இருக்கிறார்கள். நான் பேசியது ஒன்றும் அவர்கள் காதில் விழவில்லை. தம்ளர்கள் தொட்டியில் கிடக்கின்றன. நான் போகிறேன்; இன்னும் இரண்டு பேர் வந்தால் சீக்கிரம் முடியும்.