தனியே இருக்கும் உம்மாவுக்கு ஒரு கருவி

(மூத்தோர் ஒன்றுகூடலில் சங்க நலப்பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



நலப்பிரிவினராகிய நாங்கள் ரமலான் அன்பளிப்புப் பையோடு கதவைத் தட்டும்போது, பல வீவக வீடுகளில் உம்மா மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் பொங்கோலில், செங்காங்கில். அவர்கள் கூப்பிடாமல் இல்லை. பழகிய பள்ளிவாசலையும் சந்தையையும் விட்டுவர இவர்களுக்கு மனமில்லை.

கருவிகளுக்கு முன் குளியலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாளுக்கு ஐந்து வேளை ஒளு. ஒரு காலைத் தூக்கிக் கழுவும்போது மறுகால் ஈரத் தரையில் நிற்கிறது. இருபது வயதில் அது ஒன்றுமில்லை. எழுபத்தைந்தில், சுபுஹு நேரத்து அரைத் தூக்கத்தில், பெரிய விஷயம். வீவகவின் ‘ஈஸ்’ திட்டம் 2012 முதல் இருக்கிறது. 65 வயதானவர் இருக்கும் வீட்டில் கைப்பிடிக் கம்பி பொருத்துவார்கள். தரை வழுக்காமல் செய்து தருவார்கள். இவற்றுக்கு, சிங்கப்பூரர்களின் சொந்த வீடென்றால், செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. 2024 முதல் மடக்கு இருக்கையும் கேட்கலாம். உட்கார்ந்தே கால் கழுவலாம். “கம்பி வைத்தால் நோயாளி வீடு போலிருக்கும்” என்று மறுக்கும் தாய்மார்கள் இங்கேயும் இருக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும்!

அடுத்தது உணர்கருவி. யூஹுவா வட்டாரத்தில் வீவக இதை முன்பே சோதித்துப் பார்த்தது. சுவரில் ஒரு சிறு பெட்டி, கதவில் ஒன்று. ஆள் நடமாட்டம் உண்டா, கதவு திறந்ததா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சில நாளில் வீட்டின் வழக்கத்தைப் பழகிக்கொள்ளும். நெடுநேரம் அசைவில்லை என்றால் பிள்ளையின் கைபேசிக்குச் செய்தி போகும். கேமரா இல்லை என்பதால் முக்காடில்லாமல் இருப்பதை யாரோ பார்ப்பார்களோ என்ற கவலை வேண்டாம். சில பிள்ளைகள் கடையில் கேமராவையே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். உம்மாவைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

நமக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. பதினோரு மாதம் இரவு பத்து மணிக்குப் படுத்தவர், ரமலானில் தராவீஹ் முடித்துத் தாமதமாகப் படுத்து, சஹருக்கு எழுந்து, லுஹருக்குப் பின் அயர்ந்து தூங்குவார். கருவிக்கு நோன்பு தெரியுமா? பகலில் அசைவில்லை என்று செய்தி அனுப்பும். நாலைந்து முறை வீணாக ஓடிவந்த பிள்ளை, சத்தத்தையே அணைத்து வைத்துவிடுவார். ஆபத்து அங்கேதான். பிறை பார்க்கும் முன்பே நேரத்தை மாற்றி வையுங்கள். உம்ரா போனாலும் அப்படியே.

கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தானை ஒளுவுக்குப் போகும்போது கழற்றிக் கட்டிலில் வைக்கிறார்கள். வழுக்கி விழும் இடமோ குளியலறை! தண்ணீர் பட்டாலும் கெடாததா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பொங்கோலிலிருந்து மகன் வந்துசேர ஒரு மணி நேரமாகலாம். ஆகவே இரண்டாவது எண்ணாகப் பக்கத்து வீட்டாருடையதைக் கொடுங்கள். சீனரோ மலாய்க்காரரோ, முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். ஒரு சாவியும் கொடுத்து வையுங்கள்.

‘ஈஸ்’ படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. நிரப்பத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் வாருங்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

வஸ்ஸலாம்.