சமைப்பவரும் நம்மோடு உட்காரட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1949-ல் சி. ராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் தொடங்கிய இந்தக் கல்லூரியின் மேடையில் விமானத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், மின்னணுவியலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் பேசப்போவது அடுப்பைப் பற்றி. சிரிக்காதீர்கள், இதிலும் கணக்கு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் எங்கள் வீட்டுக்கு நம் செட் நண்பர்கள் வந்தார்கள். என்னையும் சேர்த்து ஆறு பேர். ஆளுக்கு மூன்று தோசை, ஒரு தோசைக்கு மூன்று நிமிடம். மொத்தம் 54 நிமிடம் அம்மா அடுப்படியிலேயே நின்றார்கள். "நீயும் வந்து உட்காரேம்மா" என்றேன். "நீங்க சாப்பிடுங்கப்பா, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றார்கள். அம்மா சாப்பிட உட்கார்ந்தபோது நண்பர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி எனக்கு உறுத்தியது.

தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். பேக்கிங் அப்படியல்ல, எல்லாருக்கும் ஒரே ஈடு. உள்ளே வைத்துவிட்டால் ஆள் நிற்க வேண்டாம். இது ஒன்றும் வெள்ளைக்காரன் சமாச்சாரம் மட்டுமல்ல. பிரியாணி தேக்சாவின் மூடிமேல் தணல் கொட்டி தம் போடுகிறோமே, அதுவும் மேலும் கீழும் சூடு கொடுக்கிற வேலைதான். குஜராத்தில் புளித்த அரிசி, பருப்பு மாவில் சுரைக்காய் சேர்த்து 'ஹாண்ட்வோ' என்று வேகவைக்கிறார்கள். அதற்குத் தம்பிமுறையான ஒன்றை நம் இட்லி மாவிலேயே செய்யலாம்.

அதே 18 தோசைக்கான மாவு, சுமார் 4 கப். சுரைக்காயைத் துருவிப் பிழிந்து ஒரு கப், கேரட் அரை கப், வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், உப்பு. தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டுக்கு ஒருமுறை போனால் எல்லாம் கிடைத்துவிடும். நல்லெண்ணெய் 4 ஸ்பூனில் கடுகு, எள், கறிவேப்பிலை தாளித்து மாவில் கலந்து, எண்ணெய் தடவிய 9 அங்குலத் தட்டில் ஊற்றுங்கள்.

ஓவன் இருந்தால் 180 டிகிரியில் 45 நிமிடம். இல்லாவிட்டால் அகலமான, அடிகனமான பழைய பாத்திரம் போதும். அடியில் 2 கப் தூள் உப்பு, அதன்மேல் ஒரு ஸ்டாண்ட். மூடி 10 நிமிடம் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து, சிறுதீயில் 50 நிமிடம். பெரிய குக்கரானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஏன் தண்ணீர் கூடாது? வெயிட் போட்ட குக்கருக்குள் நீராவி ஏறக்குறைய 120 டிகிரியோடு நின்றுவிடும். சிவந்து, மணம் வருவதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். ஈரம் இருக்கிற வரை இட்லிதான் வரும்! உப்பு சூட்டைப் பிடித்து வைத்து, தட்டின் அடி தீயாமல் பார்த்துக்கொள்ளும். நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும். பாத்திரத்தில் செய்தால் மேற்புறம் வெளுப்பாக இருக்கும். தோசைக்கல்லில் திருப்பிப்போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் சிவந்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

முதல் தடவை எனக்கு அடி கருகிவிட்டது. தீயைக் குறைக்க மறந்தது என் தப்பு. இரண்டாம் தடவை சரியாக வந்தது. ரூமில் ஒற்றை அடுப்போடு இருக்கும் தம்பிகளும் தைரியமாகச் செய்யலாம்.

அடுத்த முறை நண்பர்கள் வந்தபோது மாவைக் கலந்து வைத்தது நான். சட்னி மட்டும் அம்மா. அந்த 50 நிமிடமும் அம்மா ஹாலில் உட்கார்ந்து, நம் ஆட்களின் பழைய அரியர் கதைகளையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் துண்டை அவர்கள் தட்டில்தான் வைத்தேன்.

படித்த படிப்பு எங்கெங்கோ பயன்படுகிறது. வீட்டில் நிற்பவரை உட்கார வைக்கவும் பயன்படட்டும்.