கிருமிகளுக்கு ஒரு தவறணை



பூனாகலை மலைச்சாரலில் வாழும் எங்களுக்குத் தவறணை என்றால் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. தக்க மண்ணும் நிழலும் நீரும் அளித்துத் தேயிலைக் கன்றுகளை வளர்த்தெடுக்கும் இடம் அது. வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலும் அத்தகைய தவறணை ஒன்று உண்டு. அங்கே வளர்பவை கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்கள். அவற்றுக்கு இடும் உணவை வளர்ப்பூடகம் என்பர்.

1881ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில், ஜெலற்றின் கலந்து உறையவைத்த ஊடகத்திலே கிருமிகளை வளர்த்தார்கள். வெப்பம் மிகுந்தால் அது உருகிவிடும்; சில கிருமிகள் அதனையே நீராக்கிவிடும். அங்கு பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி பானி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் வழங்கிய அகர் அகரைப் பயன்படுத்தலாமே என்றார். நோன்புக் காலத்தில் நம் முஸ்லிம் சகோதரர் வீடுகளில் இனிப்பாகக் காய்ச்சும் கடற்பாசி அதுவே. அது உருக ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே உடற்சூடாகிய 37 பாகையில் வைத்தாலும் உறைந்தபடியே நிற்கும். அன்று தொட்டு இன்று வரை அகரே ஆய்வுகூடங்களின் விளைநிலம்.

ஊடகம் உணவு மாத்திரமன்று. ஆளை இனங்காட்டும் கருவியுமாகும். மக்கொன்கி ஊடகத்தில் பாற்சர்க்கரையும் நிறங்காட்டியும் உண்டு. அச்சர்க்கரையை நொதிக்கச் செய்யும் கிருமிகள் இளஞ்சிவப்பாகத் தோன்றும். நெருப்புக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியோ நிறமின்றி வளரும். அது எம்மருந்துக்கு அடங்கும் என்பதையும், மருந்து தோய்ந்த சிறு வட்டங்களை ஊடகத்தின் மேல் வைத்து அறிகின்றனர்.

என் மாணவன் ஒருவனுக்குப் பல நாட்களாகக் காய்ச்சல் நீடித்தது. பெற்றோர் அவனை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவில்லை. அவர்களைக் குறை கூற மாட்டேன். போய் வந்தால் ஒரு நாட் பேர் போய்விடும். லயத்தில் யாரிடமோ மீந்திருந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த பின்னரே சென்றார்கள். அவன் குருதியை ஊடகத்தில் இட்டபோது எதுவும் முளைக்கவில்லை. உண்ட மாத்திரைகள் கிருமியை வளரவிடாமற் செய்திருக்கலாம் என்றார் வைத்தியர். எதிரி யாரென்று அறியாமல், ஊகித்தே சிகிச்சை செய்ய நேர்ந்தது. பையன் பிழைத்தான், ஆனால் ஒரு தவணைப் படிப்பை இழந்தான்.

காய்ச்சல் நீடித்தால் மீந்த மாத்திரையை நாடாதீர்கள், வைத்தியரை நாடுங்கள். முன்னரே மாத்திரை உண்டிருந்தால் மறைக்காமற் சொல்லுங்கள். குருதியிலுள்ள கிருமி முளைக்கச் சில நாட்கள் செல்லலாம்; அதற்கிடையில் வேண்டிய சிகிச்சையை வைத்தியர் தொடங்குவார். கன்று வேர்பிடிக்கும் வரை காத்திருக்கத் தெரிந்த நமக்கு இப்பொறுமை புதிதன்று.