கட்டைப் பிரித்ததும் வைத்தியம் முடிந்துவிடுமா?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடந்த நலக் கூட்டங்களில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





பெருநாள் விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் செஞ்சிக் கோட்டை, மரக்காணம் கடற்கரை, ஊட்டி என்று கிளம்பிவிடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் காஷ்மீரின் குல்மார்க் வரை போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வருகிறார்கள். சந்தோஷமாகப் போய் வரட்டும். ஆனால் அடிபட்டுத் திரும்பினால் என்ன செய்வது என்பதில்தான் நாம் தவறுகிறோம். அதில் எங்கள் தவறும் உண்டு. அதைச் சொல்லவே இன்று நிற்கிறோம்.

நம் ஜமாஅத்துத் தம்பி ஒருவர் லோடு வண்டி ஓட்டுகிறார். ராஜகிரி மலையிலிருந்து இறங்கும்போது கால் படியில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. இடது முழங்கால் வீங்கியது. பனிச்சறுக்கில் முழங்கால் ஜவ்வு கிழிவதும் பெரும்பாலும் இப்படித்தான்: பலகையோடு கால் மாட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. எலும்பு நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாக வீட்டார் நினைத்தார்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எண்ணெய் தேய்த்து, இறுகக் கட்டி, ஆறு வாரம் படுக்க வைத்தார்கள். பிறகு ஸ்கேனில் ஜவ்வுக் கிழிசல் தெரிந்தது. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு முறை போனார், நிறுத்திவிட்டார். போனால் வலி, அன்றைய கூலியும் போச்சு, பேருந்துக் காசு வேறு.

ஸ்கேனுக்கு நாங்கள் பணம் கொடுத்தோம். பேருந்துக் காசு கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்துப் பள்ளிவாசலில் கடைசி வரிசையில், நாற்காலியில் அவரைப் பார்த்தபோதுதான் விசாரித்தோம். முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. தொடை சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்கும் கால் அது.

அசையாத மூட்டு இறுகும்; வேலை செய்யாத தசை சில வாரங்களிலேயே மெலியும். கட்டு அடிபட்ட இடத்தைக் காக்கும். பலத்தைத் திருப்பித் தருவது பயிற்சிதான். எனவே சிலவற்றை நினைவில் வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் உருவிவிடவோ, சூடு வைக்கவோ வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி நடக்க முடியாவிட்டாலும், மூட்டு கோணலாகத் தெரிந்தாலும், விரல் மரத்துப் போனாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பின்னர் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதையும் உடனே காட்டுங்கள்.

மருத்துவர் அனுமதித்ததும் எளிய பயிற்சியில் தொடங்கலாம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. ஜவ்வு அறுவை சிகிச்சை செய்தவர்கள் மீண்டும் பந்து விளையாட ஒன்பது மாதமாவது ஆகும், அவசரப்படாதீர்கள்.

தொழுகை பற்றிக் கேட்கிறீர்கள். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. வலிக்கும் காலை வம்பாக மடக்குவது இபாதத் அல்ல. அதே சமயம், முயன்றால் திரும்பக் கிடைக்கும் ஸஜ்தாவைச் சோம்பலால் இழப்பதும் சரியல்ல.

விக்கிரவாண்டி பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கூச்சத்தால் ஒதுங்கும் சகோதரிகளே, பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஒழுங்காகப் பயிற்சிக்குப் போகிறார். அல்ஹம்துலில்லாஹ், வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார். தரையில் மடித்து உட்கார இன்னும் முடியவில்லை. முதல் மாதத்திலேயே நாங்கள் விசாரித்திருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது.

இனி மருத்துவ உதவி கேட்டு வருபவரிடம் பில் தொகையோடு, "பயிற்சிக்கு எத்தனை நாள் போக வேண்டும், எப்படிப் போவீர்கள்?" என்றும் கேட்போம். ஸதகா தருபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: ஒருவருடைய ஒரு மாதப் பேருந்துக் காசை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் வருமானம் அந்தக் காலில் நிற்கிறது.